அவுட்சோர்சிங் வேலைக்குப் பணம் கேட்கிறார்களா? கொடுக்குமுன் அந்த டெண்டரைத் திறந்து பாருங்கள்

அரசு மருத்துவமனையில் துப்புரவு, நகராட்சியில் டேட்டா என்ட்ரி, கல்லூரி விடுதியில் காவலாளி, அலுவலகத்தில் ஓட்டுநர். "இப்போதைக்கு ஒப்பந்தம், ரெண்டு மூணு வருஷத்துல பெர்மனென்ட் ஆயிடும்" என்று சொல்லிப் பணம் பிடுங்கும் வேலை தமிழ்நாட்டில் ஓய்ந்தபாடில்லை. நம்ப வைக்கக் கையில் ஒரு காகிதமும் இருக்கும். பெரும்பாலும் அது அசல் டெண்டர் அறிவிப்பின் நகல். அரசு முத்திரை, டெண்டர் எண், அதிகாரியின் பதவிப் பெயர் எல்லாம் உண்மையாகவே இருக்கும். பொய் அங்கே இல்லை. அந்த அறிவிப்பு "விலை கேட்கிறோம்" என்று மட்டுமே சொல்கிறது. யாருக்குக் கிடைத்தது, எத்தனை ஆட்கள், எத்தனை மாதம், தலைக்கு எவ்வளவு என்பதெல்லாம் வேறு தாள்களில் இருக்கிறது. ஏமாற்றுகிறவர் உங்களிடம் காட்டாமல் விடுவது அந்தத் தாள்களைத்தான்.

வேலையில் சேர்ந்த பிறகு நடக்கும் இரண்டாவது ஏமாற்று இதைவிடப் பெரியது. ஒப்பந்தத்தில் ஒரு சம்பளம், கையில் வேறு சம்பளம். கேட்டால் "அக்ரிமென்ட் கான்ஃபிடென்ஷியல், காட்டக்கூடாது" என்பார்கள். காட்டக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருள் வாங்குவதற்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமானதில்லை, சேவை பெறுவதற்கும் பொருந்தும். மத்திய அரசுப் பக்கம், பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2013 ஏப்ரல் 15 அன்று அனுப்பிய வழிகாட்டுதல், சேவை வழங்குபவரின் பெயர், விலை விகிதம், மொத்தத் தொகை ஆகியவற்றை யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. 2017 பொது நிதி விதிகளின் 159-வது விதி, டெண்டர் அறிவிப்பு, திருத்தம், யாருக்கு வழங்கப்பட்டது என்ற விவரம் மூன்றையும் மத்தியக் கொள்முதல் தளத்தில் ஏற்றச் சொல்கிறது. விதிக்குக் குறைவில்லை. நடைமுறையில் எங்கே ஓட்டை விழுகிறது என்று தெரிந்தால்தான் தேட முடியும்.

தமிழ்நாடு அரசு அலுவலகமென்றால் தேட வேண்டிய இடம் டிஎன்டெண்டர்ஸ், மாநில அரசின் இணைய டெண்டர் தளம். லாகின், டிஜிட்டல் கையெழுத்து எதுவும் வேண்டாம், அவை டெண்டர் போடுகிறவருக்கு. பார்க்க வருகிறவருக்கு கேப்ட்சா மட்டும் போதும். கம்ப்யூட்டரில் திறப்பது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு டேபில் திறந்தாலோ, பிரவுசரின் பின்செல்லும் பொத்தானை அழுத்தினாலோ "ஸ்டேல் செஷன்" என்று வந்து நிற்கும். தளம் பழுதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், ரீஸ்டார்ட் அழுத்தி மறுபடி நுழையுங்கள்.

பணம் கேட்பவரிடம் முதலில் வாங்க வேண்டியது டெண்டர் ஐடி. ஆண்டில் தொடங்கி, துறையின் சுருக்கப் பெயர், ஒரு நீள எண், கடைசியில் ஒரு சிறு எண் என்று அடிக்கோடு போட்டு எழுதப்பட்டிருக்கும். "ஐடி எல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்று மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஐடி கிடைத்தால் "டெண்டர் ஸ்டேட்டஸ்" பக்கத்தில் போடுங்கள். நடப்பு டெண்டர்கள் பட்டியலில் தேடிப் பயனில்லை, கடைசித் தேதி முடிந்ததும் அங்கிருந்து போய்விடும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் தொழில்நுட்ப உறை திறப்பு, விலை உறை திறப்பு, மதிப்பீடு என்று படிப்படியாகக் காட்டி, கடைசியில் "ஏஓசி" என்று நிற்க வேண்டும். ஒப்பந்தம் வழங்கப்பட்டது என்று அர்த்தம். அதில் உள்ள நிறுவனப் பெயரும் உங்களிடம் பணம் கேட்பவர் சொல்லும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். "அண்ட் கோ", "என்டர்பிரைசஸ்", "பிரைவேட் லிமிடெட்" என்ற வாலில்தான் விளையாட்டு நடக்கும். "அவங்க நம்ம சிஸ்டர் கன்சர்ன்" என்று சொன்னால் நம்பாதீர்கள். பல ஒப்பந்தங்கள் உள்குத்தகையையே தடை செய்கின்றன.

ஐடி இல்லாமல் தேடுகிறவர்கள் வழுக்கி விழுவது அலுவலகத்தின் பெயரில். உங்களுக்கு வேலை ஒரு மாவட்ட மருத்துவமனையில் என்றாலும் டெண்டரை விட்டது சென்னையில் உள்ள ஒரு கழகமாகவோ இயக்குநரகமாகவோ இருக்கலாம். மருத்துவமனையின் பெயரில் தேடினால் ஒன்றும் வராது, "டெண்டரே இல்லாமல் கொடுத்துவிட்டார்கள்" என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். "அவுட்சோர்சிங்", "மேன்பவர்", "ஹவுஸ்கீப்பிங்", "ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட்" என்ற சொற்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் போட்டுத் தேட வேண்டும். ஒரே வேலைக்கு ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது.

ரயில்வே, பொதுத்துறை வங்கி போன்ற மத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் ஜெம் எனும் மத்திய அரசின் இணையக் கொள்முதல் சந்தை வழியாகவே ஒப்பந்த ஆட்களை எடுக்கின்றன. அங்கே ஒப்பந்தங்களைப் பார்க்கத் தனிப் பக்கம் உண்டு. ஆனால் பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் வெறும் பக்கம்தான் வரும். குறைந்தபட்சக் கூலி அடிப்படையிலான மேன்பவர் ஒரு பிரிவு, செக்யூரிட்டி வேறு பிரிவு, துப்புரவு வேறு பிரிவு. தேதி இடைவெளியைச் சிறியதாக வைத்துத் தேடுங்கள். பிட் ஆவணத்தின், அதாவது ஜெம் தளத்தின் டெண்டர் ஆவணத்தின், முதல் பக்கங்கள் எல்லா ஏலத்துக்கும் பொதுவானவை. அலுவலகம் தன் பங்குக்குச் சேர்த்த நிபந்தனைகள் ஆவணத்துக்குள் ஒரு இணைப்பாக ஒளிந்திருக்கும், "ஏடிசி" என்பார்கள். சம்பளத் தேதி, அபராதம், ஆட்களிடம் பணம் வாங்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அங்கேதான் இருக்கும். அந்த இணைப்பைத் திறக்காமல் பிட் ஆவணத்தைப் படித்ததாகச் சொல்ல முடியாது.

இனி, எதைப் படிப்பது. நூறு பக்க டெண்டர் ஆவணத்தில் நமக்கு வேண்டியது சில பக்கங்களே. ஒப்பந்தக் காலம், ஆட்களின் எண்ணிக்கை, ஆட்களை நிரந்தரமாக்கக் கோர முடியாது என்ற வரி (அநேகமாக எல்லா ஆவணத்திலும் இருக்கும், "பெர்மனென்ட்" பேச்சு அந்த ஒரு வரியில் அடிபட்டுவிடும்), அப்புறம் பிஓகியூ எனும் விலைப் பட்டியல். திருத்தங்களையும் விடாமல் பாருங்கள். அறிவிப்பில் 120 பேர் என்று இருந்து, திருத்தத்தில் 80 ஆகியிருக்கலாம். இல்லாத 40 இடங்களைக் காட்டிப் பணம் வசூலிக்க அந்தப் பழைய தாள் நன்றாகவே உதவும்.

பிஓகியூ-வைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும், ஏனென்றால் மாதாமாதம் பணம் காணாமல் போவது இங்கேதான். கணக்குக்காக மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி பங்காக பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 90. பிடித்தது போகக் கைக்கு வர வேண்டியது 10,470. இதற்கு மேல் ஒப்பந்ததாரர் தன் பங்காக பி.எஃப். வகையில் நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,560-ம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 390-ம் கட்ட வேண்டும். இந்த 1,950 ரூபாயைப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் துறை தனியாகக் கொடுத்துவிடுகிறது. பிஓகியூ-வில் அதற்கென்றே வரி இருக்கும்.

கையில் 8,520 வருகிறதென்றால் என்ன நடந்தது? இரண்டு பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்கள். துறையிடம் ஒருமுறை, உங்களிடம் ஒருமுறை. 120 பேருக்கு மாதம் 2,34,000, வருடத்துக்கு 28,08,000. நிர்வாகத்தின் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்று பி.எஃப். திட்டத்தின் 31-வது பத்தி நேரடியாகவே சொல்கிறது. "எல்லா ஏஜென்சியும் இப்படித்தான்" என்ற பதில் வரும். எல்லாரும் செய்தாலும் அது பிடித்தம் ஆகாது, திருட்டுதான்.

இன்னொரு வழி நாள் கணக்கு. தினக்கூலியை 30-ஆல் பெருக்கித் துறையிடம் பில் போட்டு, ஆட்களுக்கு 26 நாள் கொடுப்பார்கள். டெண்டரில் வார விடுமுறை சம்பளத்தோடா, இல்லாமலா என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடுங்கள். பிஓகியூ-வில் சேவைக் கட்டணத்தையும் பாருங்கள். ஏஜென்சிக்கு அலுவலகச் செலவு உண்டு, பிணைத் தொகை கட்டிவைத்திருக்கிறது, பில் தாமதமானால் கையிலிருந்து சம்பளம் போட வேண்டும். இத்தனைக்கும் நடுவே சேவைக் கட்டணம் ஏறத்தாழ பூஜ்யம் என்று எழுதி ஒப்பந்தம் எடுத்திருந்தால், லாபம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். வேலைக்குப் பணம் கேட்பதும் அந்தக் கணக்கின் ஒரு பகுதிதான். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைக் கண்டால் சேராமலிருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

பி.எஃப். கட்டுகிறார்களா என்று பார்க்க அரசின் உமங் செயலியில் யுஏஎன் எனும் உங்கள் பி.எஃப். எண்ணைப் போட்டுப் பாஸ்புக் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேர் பார்க்காதது, வருங்கால வைப்பு நிதித் தளத்தில் உள்ள "எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்". நிறுவனப் பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று தெரியும், லாகின் வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே பி.எஃப். குறியீட்டில் அந்த ஏஜென்சியின் பல ஒப்பந்த ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அதனால் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. உங்கள் ஒரு ஒப்பந்தத்திலேயே 120 பேர் என்றிருக்க, மொத்தமே 70 பேருக்குக் கட்டியிருந்தால், வேறு குறியீடு ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

தளத்தில் கிடைக்காதவையும் உண்டு. பல டெண்டர்கள் "விலை மதிப்பீடு" என்ற நிலையிலேயே மாதக்கணக்கில் நிற்கும், வேலையோ நடந்துகொண்டிருக்கும். ஏஓசி ஏற்றாமல் விட்டுவிடுகிறார்கள். கையெழுத்தான ஒப்பந்தப் பத்திரமும் அநேகமாக இருக்காது. மிகப் பெரிய இருட்டு, கால நீட்டிப்பு. ஒப்பந்தம் முடிந்த பிறகு "புதிய டெண்டர் முடிவாகும் வரை" என்று கோப்பிலேயே நீட்டிப்பார்கள். அது எந்தத் தளத்திலும் வராது, புதிதாகச் சேர்கிறவருக்கு இன்னும் எத்தனை மாதம் வேலை என்றும் தெரியாது.

இதற்கு தகவல் பெறும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை, மத்திய அலுவலகத்துக்கு அஞ்சல் ஆணை. மனுவை அனுப்ப வேண்டியது டெண்டர் விட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் குறைவான சம்பளம்?" என்று கேட்டால் அது தகவல் அல்ல, கேள்வி என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். இப்படி: "டெண்டர் ஐடி ... தொடர்பான பணி ஆணை, கையெழுத்தான ஒப்பந்தம், கால நீட்டிப்பு ஆணைகள், கடந்த ஆறு மாதங்களில் ஒப்பந்ததாரர் அளித்த பில்கள், அவற்றுடன் இணைத்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்துச் சீட்டுகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும்." பில்லைக் கேட்க மறக்காதீர்கள். ஒப்பந்தம், கொடுக்க வேண்டியதைக் காட்டும். துறை எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்குப் பணம் கொடுத்தது என்று காட்டுவது பில்தான். சம்பளப் பட்டியல் முழுதும் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுப்பார்கள். உங்கள் பெயருள்ள வரியையும், மற்றவர்களுடையதை 10-வது பிரிவின்படி பெயர் மறைத்தும் கேளுங்கள்.

"வணிக ரகசியம், 8(1)(ஈ)" என்று பதில் வந்தால் அசர வேண்டாம். டெண்டர் முடிந்து, அரசுப் பணத்தில் கொடுக்கப்படும் விலைக்கு அந்த வாதம் பெரும்பாலும் நிற்காது, அதே பிரிவு பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம், மத்திய அலுவலகமென்றால் மத்திய ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளம். ஆகவே முதல் மேல்முறையீட்டிலேயே டெண்டர் ஐடி, ஸ்டேட்டஸ் பக்கத்தின் அச்சு, வெளியிடச் சொல்லும் விதி மூன்றையும் இணைத்துவிடுங்கள்.

சம்பளமே வரவில்லையென்றால் ஏஜென்சி வாசலில் மட்டும் நிற்காதீர்கள். ஒப்பந்ததாரர் கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது அந்த அரசு அலுவலகமே, கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே உள்ள நிலை. அலுவலகத் தலைவருக்கும் தொழிலாளர் துறைக்கும் ஒரே நாளில் பதிவுத் தபால் அனுப்புங்கள், ஒப்பந்தத்தின் சம்பளப் பக்கத்தை இணைத்து.

வேலைக்கென்று ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் காவல்துறைக்குப் போகும்போது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் மோசடிப் புகாராக எழுதுங்கள். பணப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு, அவர்கள் காட்டிய டெண்டர் தாள், ஏஓசி-யில் உள்ள உண்மையான நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை வரிசையாக இணையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், பணத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிய பிறகு புகார் கொடுங்கள். புகார் போனது தெரிந்தால் அண்மையில் அனுப்பிய செய்திகளை "எல்லோருக்கும் அழி" என்று அழித்துவிடுவார்கள், ஆகவே ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.