வீட்டுப் பணம் கட்டப் போகும்போது வரும் ‘கணக்கு மாறிவிட்டது’ மெயில்

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்கள் க்ளோசிங் தேதிக்கு (மீதிப் பணம் கட்டி வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் நாளுக்கு) முன்பே இதைப் படித்துவிடுங்கள். ஒரே வயர் ட்ரான்ஸ்ஃபரில் (வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்புவதில்) வாழ்நாள் சேமிப்பு போய்விடுகிறது.

திருடர்கள் முதலில் புகுவது பெரும்பாலும் உங்கள் மெயிலுக்குள் அல்ல. ரியல்டர் (வீட்டுத் தரகர்) அல்லது டைட்டில் கம்பெனி (வீட்டின் உரிமையைச் சரிபார்த்து, பணத்தை வாங்கிக் கைமாற்றும் நிறுவனம்) ஊழியரின் மெயில் பெட்டிக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் க்ளோசிங் தேதி, கோப்பு எண், நீங்கள் கட்டவேண்டிய தொகை எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, “எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று மெயில் வரும். லோகோ, கையொப்பம் எல்லாம் அசலேதான். முகவரியில் மட்டும் ஆங்கில ‘எம்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பார்கள். போன் திரையில் கண்ணுக்கே தெரியாது.

மெயிலில் உள்ள எண்ணைக் கூப்பிட்டால் எடுப்பதும் அவர்களே. வீடு வாங்கும் வேலை தொடங்கியபோதே டைட்டில் கம்பெனியிடம் கையில் வாங்கிய காகிதத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். கணக்கு எண்ணை நீங்கள் படித்துக் காட்டி “சரியா?” என்று கேட்க வேண்டாம், கம்பெனிக்காரர்களே தங்கள் வாயால் சொல்லட்டும்.

டைட்டில் கம்பெனி பெயரைத்தானே படிவத்தில் எழுதினோம், பெயர் பொருந்தாவிட்டால் வங்கி திருப்பி அனுப்பிவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்க மாநிலங்களின் வணிகச் சட்டமான யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் 4ஏ பிரிவின்படி, பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்பது தெரியாதவரை, பணத்தைப் பெறும் வங்கி எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கலாம்.

பணம் போய்விட்டதா? உடனே உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிட்டு, வயரை ‘ரீகால்’ செய்யச் (திரும்ப அழைக்கச்) சொல்லுங்கள், ‘ஹோல்ட் ஹார்ம்லெஸ்’ கடிதமும் (பணத்தைத் திருப்புவதால் வரும் நஷ்டத்துக்கு அந்த வங்கி பொறுப்பல்ல என்ற உறுதி) கேளுங்கள். பணம் சேர்ந்த வங்கிக்கும் சொல்லுங்கள். அன்றே எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3-இல் (IC3) உங்கள் கணக்கு எண், பணம் போன கணக்கு எண், தொகை, நேரம் எல்லாம் கொடுத்துப் புகார் பதியுங்கள். முதல் 72 மணி நேரத்துக்குள் கணக்கை முடக்கினால்தான் ஏதாவது மிஞ்சும்.

இதைத்தான் ‘வயர் ஃபிராடு’ என்கிறார்கள். 1952-இல் வந்த ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) சட்டம், சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 1343-ஆம் பிரிவு. ‘வயர்’ என்பது பணம் அனுப்பும் வயர் அல்ல. மாநில எல்லையையோ நாட்டு எல்லையையோ தாண்டும் போன், மெயில், வானொலி, டிவி எதுவானாலும் பொருந்தும். ஏமாற்றிப் பணமோ சொத்தோ பறிக்கும் திட்டமும் நோக்கமும் இருந்திருக்க வேண்டும். அதனால், வேலையைப் பாதியில் விட்ட கான்ட்ராக்டர் மீதெல்லாம் இது பாயாது. ஒவ்வொரு மெயிலும் தனிக் குற்றச்சாட்டு ஆகலாம். அதிகபட்சம் 20 ஆண்டு சிறை, நிதி நிறுவனம் பாதிக்கப்பட்டால் 30. ஆனால் இந்தப் பிரிவின்கீழ் நீங்களே வழக்குப் போட முடியாது. அரசு வழக்கறிஞர்தான் போடவேண்டும்.

திட்டம் பலிக்காவிட்டாலும் குற்றம் குற்றமே. ஆகவே பணம் அனுப்பாமல் தப்பித்தவர்களும் அந்த மெயிலை அழிக்காமல் வைத்துப் புகார் கொடுங்கள். அதே கணக்கு எண் இந்த வாரம் இன்னொரு குடும்பத்துக்கும் போயிருக்கலாம்.