எக் எலக்ட்ரிக்: ஐந்து கிலோவாட்டுக்குள் ஒரு தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், மாலேக் துறைமுகத்திலிருந்து படகேறிப் போக வேண்டிய சின்னத் தீவு எக். ஏறத்தாழ நூறு பேர் வசிக்கிறார்கள். பிரிட்டனின் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து ஒரு கம்பிகூட இங்கே வரவில்லை. 2008 பிப்ரவரி 1க்கு முன்பு பெரும்பாலும் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான். அன்று முதல் தீவுக்கு மின்சாரம் கொடுப்பது எக் எலக்ட்ரிக் என்ற நிறுவனம். 1997இல் தீவையே விலைக்கு வாங்கிய அறக்கட்டளையின் துணை நிறுவனம் இது. கட்டணம் கட்டுகிறவர்களும் நிறுவனத்தை நடத்துகிறவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

தண்ணீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறார்கள் என்றுதான் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தொடங்குவார்கள். இயந்திரங்களில் புதுமை ஒன்றும் இல்லை. அவற்றுக்குப் பொருந்துகிற மாதிரி வாடிக்கையாளரின் லோடை, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தை, கட்டிவைத்ததில்தான் இந்தச் சேவையின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

முதலில் உற்பத்தி. சுமையில் பெரும்பங்கைத் தூக்குவது லெய்க் பகுதியில் உள்ள சுமார் 100 கிலோவாட் நீர்மின் நிலையம். கூடவே இன்னும் இரண்டு குட்டி நீர்மின் நிலையங்கள். ஆன் ஸ்கூர் மலைக்குக் கீழே தலா 6 கிலோவாட் காற்றாலைகள் நான்கு. சோலார் பேனல்கள் 10 கிலோவாட்டில் தொடங்கி, பிறகு பல மடங்கு கூட்டப்பட்டன. எல்லாவற்றையும் வீடுகளோடு இணைப்பது சுமார் 11 கிலோமீட்டர் நிலத்தடிக் கேபிள். மேலே கம்பி இழுத்திருந்தால் செலவு குறைந்திருக்கும்; அட்லாண்டிக் புயலில் ஆண்டுதோறும் அறுந்தும் விழுந்திருக்கும். புதைத்தது சரியான முடிவு.

காற்று ஓயாமல் வீசும் தீவில் காற்றாலை ஏன் இவ்வளவு சிறிய பங்கு என்று கேட்கலாம். காற்றின் வேகம் பாதியானால் அதில் உள்ள ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் 6 கிலோவாட் தருகிற ஆலை, 6 மீட்டர் வேகத்தில் முக்கால் கிலோவாட்டுக்கு வந்துவிடும். நாலு ஆலையும் சேர்ந்தாலும் ஒரு கெட்டிலுக்குத்தான் சரியாக இருக்கும். ஓடைத் தண்ணீர் அப்படித் திடீரென்று கைவிடாது. நொடிக்கு 100 லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், குழாயிலும் டர்பைனிலும் போகிற இழப்பைக் கழித்தும் 70 கிலோவாட்டுக்கு மேல் நிற்கும், அதுவும் இரவும் பகலும். ஆனால் கோடையில் மழை நின்றால் ஓடை சுருங்கும். அந்த மாதங்களில்தான் வடக்கே பகல் மிக நீளம், சோலார் கைகொடுக்கிறது. குளிர்காலத்தில் வெயில் இல்லை, மழையும் காற்றும் உண்டு. ஒன்று போனால் ஒன்று என்கிற இந்தக் கணக்கில் ஆண்டுத் தேவையில் சுமார் 90 சதவீதம் தேறுகிறது. மீதிக்கு டீசல் ஜெனரேட்டர்.

பெருநிலத்து ஸ்காட்லாந்திலும் இதே கூட்டணிதான், அளவு மட்டும் வேறு. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் வைட்லீயில் 215 காற்றாலைகள், 539 மெகாவாட். காற்று நின்றால் மலையைக் குடைந்து கட்டிய குருவாக்கன் நிலையம் மேல் நீர்த்தேக்கத்துத் தண்ணீரை இறக்கி 440 மெகாவாட் வரை கொடுக்கும். அதற்கும் மேல் இங்கிலாந்தோடு பிணைத்த கம்பிகள். எக் தீவுக்கு அந்த மாதிரி அண்ணன் தம்பி யாரும் கிடையாது. லெட்-ஆசிட் பேட்டரி வரிசையும் இன்வெர்ட்டர்களும், கடைசிக் கைக்கு அந்த டீசலும்தான் எல்லாம்.

அந்த இன்வெர்ட்டர்கள் செய்கிற வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பேட்டரி நிறைந்துவிட்டால் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லித் தீவு முழுக்கத் தகவல் கம்பி இழுக்கத் தேவையில்லை. இன்வெர்ட்டர் மின்சாரத்தின் அதிர்வெண்ணையே (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) 50 ஹெர்ட்ஸிலிருந்து லேசாக மேலே தள்ளும். அதைப் பார்த்ததும் சோலார் இன்வெர்ட்டர்கள் தாமாகவே உற்பத்தியை இறக்கும். ஹீட்டர்கள் ஓட ஆரம்பிக்கும். அந்த ஹீட்டர்கள் இருப்பது சமுதாயக் கூடத்திலும் தேவாலயங்களிலும். வீணாகப் போக வேண்டிய யூனிட் பொதுக் கட்டடத்தைக் காசில்லாமல் சூடாக்குகிறது. (இந்த மாதிரி கிரிட்டில், அதாவது மின்கட்டமைப்பில், ஒரு சின்னச் சங்கடம் உண்டு: மின் அதிர்வெண்ணை எண்ணி ஓடுகிற பழைய கடிகாரம் அதிர்வெண் ஏறியிருக்கும் நேரத்தில் முந்தி ஓடும்.)

இனி நிபந்தனை. ஒரே நேரத்தில் எடுக்கக்கூடியது வீட்டுக்கு 5 கிலோவாட், தொழிலிடத்துக்கு 10. பெரிய வீடு, சின்ன வீடு பேதமில்லை. தாண்டினால் ட்ரிப். நீங்களே போய் ஸ்விட்சைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது. பராமரிப்புக் குழுவிலிருந்து ஆள் வர வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. 5 கிலோவாட் தாராளம்போலத் தெரியும். பிரிட்டிஷ் கெட்டில் ஒன்று 3 கிலோவாட் வரை இழுக்கும். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும் கட்டத்தில் 2 கிலோவாட்டைத் தாண்டும். அந்த நேரத்தில் கெட்டிலையும் போட்டு, மின் ஓவனையும் போட்டுவிட்டால் முடிந்தது. பிரிட்டனில் சாதாரணமாகப் பார்க்கிற மின் ஷவர் ஒன்றே 8.5 கிலோவாட், இங்கே பொருத்தவே முடியாது.

யூனிட் விலையை ஏற்றி ஆட்களைக் கட்டுப்படுத்துவதைவிட இந்த வரம்பு நல்லது என்பது எங்கள் முடிவு. விலை ஏறினால் பணமுள்ளவர் தாராளமாக எரிப்பார். வரம்பு யாரையும் விடாது. அதோடு கிரிட்டுக்குக் கேடு செய்வது மாதத்துக்கு எத்தனை யூனிட் என்பதல்ல, ஒரே நிமிடத்தில் எத்தனை கிலோவாட் என்பதுதான். வரம்பு மட்டும் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். நாற்பது வீடு என்று வைத்தால்கூட எல்லோரும் ஒரே சமயத்தில் 5 கிலோவாட் எடுத்தால் 200 கிலோவாட்; தீவின் மொத்தக் கொள்ளளவே அதற்குக் கீழே. எல்லோரும் ஒன்றாகக் கெட்டில் போட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. கையிருப்பு குறையும் நாட்களில் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்லிச் சிவப்பு அறிவிப்பு வருவது அதனால்தான்.

குறைகளும் சின்னவை அல்ல. வீட்டை முழுக்க மின்சாரத்தில் சூடாக்க இந்த வரம்பில் வழியில்லை. விறகு, கரி, கேஸ் தொடர்கின்றன. மின்காரை வேகமாகச் சார்ஜ் செய்வதும் நடக்காது. லெட்-ஆசிட் பேட்டரிக்குத் தண்ணீர் அளவு பார்க்க வேண்டும். அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும். டீசலைச் சற்று முன்னதாகவே ஓட்டிவிடுவது அதனால் வீண்செலவல்ல, புத்திசாலித்தனம். நீர்மின் நிலையத்தில் அடிக்கடி வருகிற தொல்லை டர்பைனில் இல்லை, மேலே தண்ணீர் எடுக்கும் இடத்துச் சல்லடையில். இலையுதிர் காலத்தில் இலையும் பாசியும் அப்பினால் நீர் குறைந்து குழாய் காற்றை உறிஞ்சும், உற்பத்தி தள்ளாடும். யாராவது மலையேறிப் போய் வாரிப்போட்டால்தான் தீரும். உதிரிபாகம் தேவைப்பட்டால் படகு வர வேண்டும். புயல் நாட்களில் படகும் வராது.

ஐந்துக்கு நாலு மதிப்பெண். ஒன்றைக் குறைத்தது வெப்பத்துக்காக.

தீவில் வீடெடுத்துத் தங்கப் போகிறவர்களுக்கு: மின் ஹீட்டரைக் கொண்டுபோகாதீர்கள். ஹேர் டிரையர் என்றால் 1 கிலோவாட்டுக்கு உள்ளதைப் பாருங்கள். வாஷிங் மெஷின் போடுவதற்குமுன் கெட்டிலில் வெந்நீர் வைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டை ஒன்று கூடுதலாக.