எல்எஸ்3 என்று பணம் வாங்கி பிக்கப் என்ஜினை மாட்டிக் கொடுத்தார்கள்: பழைய கமாரோ, மஸ்டாங் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கலிபோர்னியாவில் பழைய அமெரிக்க வண்டியை வாங்கி, வெளித்தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே புது என்ஜின், புது பிரேக், புது சஸ்பென்ஷன் போட்டு ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரெஸ்டோமாட் என்பார்கள். நானும் அந்த ஆசையில்தான் என் 1969 கமாரோவை ஒரு கடையில் விட்டேன். உங்களில் யாராவது அட்வான்ஸ் கொடுக்கிற நிலையில் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

வண்டி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸ் தொழிற்சாலையில் செய்தது. 307 வி8 என்ஜின், இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பேச்சு இதுதான்: புத்தம் புது எல்எஸ்3, அதற்கேற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டிஸ்க் பிரேக், துருப்பிடித்த தகடுகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வெல்டிங், பிறகு பெயிண்ட்.

எல்எஸ்3 என்பது 2008 கார்வெட்டில் வந்த 6.2 லிட்டர் என்ஜின், ஜிஎம் கம்பெனியின் எல்எஸ் என்ஜின் குடும்பத்தில் ஒன்று. பிளாக், அதாவது என்ஜினின் அடிப்பகுதி உடல், முழுக்க அலுமினியம், 430 குதிரைத்திறன். என் பழைய 307-க்குக் கம்பெனி சொன்ன கணக்கு 200. அதுவும் அந்தக் காலத்து அளவீட்டு முறையில், சைலன்சர் போன்ற இணைப்புகள் எதுவும் இல்லாமல் என்ஜினைத் தனியாக ஓட்டி எடுத்த கணக்கு. அதனால் வண்டி கைக்கு வந்ததும் வித்தியாசம் முதுகில் தெரிய வேண்டும். தெரியவில்லை. முன்பக்கம் கனமாக இருந்தது, வளைவில் மூக்கு வெளியே போகப் பார்த்தது. கேட்டதற்கு, "டியூனிங் இன்னும் பாக்கி இருக்கிறது, கொஞ்ச நாள் ஓட்டுங்கள்" என்றார் கடைக்காரர்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய் ஒரு காந்தத்தை எடுத்து வந்தார். பிளாக்கின் பக்கவாட்டில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. அலுமினிய பிளாக்கில் காந்தம் ஒட்டாது. வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்து அலுமினியம் மாதிரி காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பின்பக்கம் கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் விளக்கடித்துப் பார்த்தால் லிட்டர் அளவு வார்ப்பிலேயே இருந்தது: 5.3. அது எல்எம்7, சில்வராடோ பிக்கப்பிலும் டாஹோவிலும் வந்த இரும்பு பிளாக் என்ஜின். குதிரைத்திறன் 300-ஐத் தொடாது. நீங்கள் இதைச் செய்து பார்க்கும்போது காந்தத்தை பிளாக்கில் வையுங்கள், அதன் மேலே உட்காரும் ஹெட்டில் அல்ல. இரண்டு என்ஜினிலும் ஹெட் அலுமினியம்தான்.

5.3 மோசமான என்ஜின் இல்லை. குறைந்த செலவில் நன்றாக உழைக்கிற என்ஜின், தெரிந்தே அதைப் போடுகிறவர்கள் ஏராளம். ஆனால் உடைக்கப் போன வண்டியில் இருந்து கழற்றிய 5.3 சில நூறு டாலருக்கே கிடைத்துவிடும். புது எல்எஸ்3 விலை அதைப்போலப் பல மடங்கு. நான் கொடுத்தது புது எல்எஸ்3-க்கான பணம்.

கடைக்காரர் சொன்ன பதில்தான் எல்லோரும் கவனிக்க வேண்டியது. "எல்எஸ் போடுகிறேன் என்றேன், எல்எஸ் போட்டிருக்கிறேன். இதுவும் அந்தக் குடும்பம்தானே?" குடும்பம் அதுதான், மறுக்க முடியாது. மின்னஞ்சலில் திரும்பத் திரும்ப எல்எஸ்3 என்று எழுதியவர், பில்லில் மட்டும் "எல்எஸ் வி8" என்று போட்டு 3-ஐ விட்டிருக்கிறார். அந்த மின்னஞ்சல்கள்தான் இன்று என் கையில் இருக்கும் ஆதாரம். பேச்சை போனில் முடிக்காதீர்கள். என்ஜின் ஆர்டர் செய்த ரசீதையும் பிளாக்கின் வரிசை எண்ணையும், என்ஜின் வண்டிக்குள் இறங்குவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்குங்கள்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. கலிபோர்னியாவில் 1975 மாடலுக்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் புகைப் பரிசோதனை கிடையாது. பழைய வண்டிக்காரர்களுக்கு அது பெரிய சலுகைதான். ஆனால் எந்த என்ஜின் இருக்கிறது என்று அரசாங்கத்தில் யாருமே பானெட்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை. நாம் பார்த்தால்தான் உண்டு.

அதே காந்தத்தை பாடியில் வைத்தோம். இங்கே ஒட்ட வேண்டும், ஒட்டவில்லை. பின் சக்கர வளைவுக்கு மேல் விரல் பருமனுக்குப் பட்டி. புதுத் தகடு என்று பில் போட்ட இடம் அது. இந்தக் கமாரோக்களில் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற பள்ளத்தில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும், அங்கிருந்து ஒழுகிக் காலடித் தரைக்கு இறங்கும். கார்ப்பெட்டைத் தூக்கினேன். துருவின் மேலேயே கறுப்புப் பெயிண்ட். இந்த மாடலில் முன்பாதி தனிச் சட்டமாக பாடியோடு போல்ட்டில் நிற்கிறது. போல்ட் பிடிக்கிற இடம் அரித்துப் போயிருந்தால், கூடுதல் சக்தி உள்ள என்ஜினை வைத்து என்ன பயன்? வண்டி முறுக்கிக்கொள்ளும்.

வேலை நடக்கும்போது படங்கள் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள். பளபளவென்று புதுத் தரை, அழகான வெல்டிங். இப்போது எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தப் படத்து வண்டியில் கிளட்ச் பெடல் இருக்கிறது. என் வண்டி ஆட்டோமேட்டிக். வேறு யாருடைய வண்டியையோ எனக்குக் காட்டியிருக்கிறார்கள். இதை நினைத்தால் பணம் போனதைவிட அதிகமாக வலிக்கிறது.

கூடுதல் சக்தியைத் தாங்குகிற 12 போல்ட் பின் ஆக்சில் போடுவதாகச் சொன்னார்கள். பின்னால் குனிந்து டிஃபரென்ஷியல் மூடியில் இருக்கும் போல்ட்டை எண்ணினாலே போதும். பத்துதான் இருந்தது, வண்டியோடு வந்த பழையது.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. கடை, மாநிலத்தின் வண்டி ரிப்பேர் கண்காணிப்பு அலுவலகமான பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் பதிவு செய்திருக்க வேண்டும். எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும், அதற்கு மேல் போனால் நம் சம்மதம் வாங்க வேண்டும். பழைய பாகமோ, ரீபில்ட் செய்ததோ போட்டால் பில்லில் அதைக் குறிப்பிட வேண்டும். என் பில்லில் குறிப்பிடவில்லை, புகாருக்கு அதுவே முதல் பிடி. வண்டியை விடும்போதே, கழற்றும் பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லி எழுதி வாங்குங்கள். அந்த அலுவலகம் நடுவில் நின்று பேசும், விசாரிக்கும். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கடையைக் கட்டாயப்படுத்த அதனால் முடியாது. அதற்கு நீதிமன்றம்தான். வக்கீல் இல்லாமல் போகிற ஸ்மால் கிளெய்ம்ஸில் தனிநபர் கேட்கக்கூடியது 12,500 டாலர் வரைதான், என் நஷ்டம் அதைத் தாண்டிவிட்டதால் வக்கீலிடம் போயிருக்கிறேன்.

இதெல்லாம் பணம். கடைசியாகப் பார்த்தது உயிர் சம்பந்தப்பட்டது. கார்புரேட்டர் காலத்து பெட்ரோல் பம்ப் தருகிற அழுத்தம் மிகக் குறைவு. இந்த என்ஜின்களின் இன்ஜெக்டருக்கு 58 பிஎஸ்ஐ அளவில் வேண்டும். அதற்கான ரப்பர் குழாயில் 30ஆர்9 என்று அச்சிட்டிருக்கும், 100 பிஎஸ்ஐ தாங்கும். எனக்குப் போட்டிருந்தது 30ஆர்7. அது 50 பிஎஸ்ஐ-க்குத்தான். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, கிளாம்ப் அருகே ஏற்கெனவே பெட்ரோல் வியர்த்திருந்தது. பின் சீட்டில் என் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன். ஏற்கெனவே இப்படி என்ஜின் மாற்றிய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு டார்ச்சோடு கீழே போய், பெட்ரோல் டாங்கியிலிருந்து என்ஜின் வரை குழாயில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். ஆர்7 என்றிருந்தால், மாற்றும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.