மீன் தொட்டிக்கு ஒரு கேமரா: கேனான் 200டியும் 60 மி.மீ. மேக்ரோவும்

மீன் தொட்டியைப் படம் எடுக்கக் கேமரா வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும், "ஃபிளாஷை எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். மெகாபிக்சல் எத்தனை, ஜூம் எத்தனை மடங்கு என்று பேச வந்தவர்களுக்கு இது சற்று எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒரு வேலைக்கு வரிசையே தலைகீழ். முதலில் ஃபிளாஷ், அடுத்து லென்ஸ், கையில் மிச்சம் இருப்பதற்குப் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா.

என்னிடம் இருப்பது கேனான் 200டி. 2017இல் வந்த குட்டி டிஎஸ்எல்ஆர். அதில் மாட்டியிருப்பது ஈஎஃப்-எஸ் 60 மி.மீ. எஃப்/2.8 மேக்ரோ, சின்னதைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் லென்ஸ்; அது இன்னும் பழசு, 2005இல் வந்தது. இரண்டையும் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன். செடிகள் வளரும் மீன் தொட்டி ஒன்று, ஃபைட்டர் மீனுக்குத் தனியாகச் சின்னத் தொட்டி ஒன்று. நான் எழுதுவதெல்லாம் இந்த இரண்டு தொட்டிகளின் முன்னால் உட்கார்ந்து பார்த்தது. வீடியோவைப் பற்றி இதில் ஒன்றும் இருக்காது, எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

தொட்டி நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்; கேமராவுக்கு அது கிட்டத்தட்ட இருட்டறை. என் செடித் தொட்டியின் எல்இடி முழு வெளிச்சத்தில் எரியும்போது லென்ஸ் துளையை எஃப்/2.8 (எண் கூடினால் துளை சுருங்கும்), ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 1600 என்று வைத்தால் ஷட்டர் ஸ்பீடு 1/125 நொடிக்கு வரும். துடுப்பை மெதுவாக ஆட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும் ராம் சிக்லிட்டுக்கு அது போதும். ஓடித் திரியும் நியான் டெட்ராவுக்குப் போதாது. அதோடு இவ்வளவு கிட்டத்தில் எஃப்/2.8இல் எடுத்தால் கண் மட்டும் கூர்மையாக இருக்கும், செவுளைத் தாண்டினாலே மசமசப்பு. மீன் முழுவதும் தெளிவாக வேண்டும் என்று எஃப்/8க்குப் போனால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட ஷட்டரை 1/15க்கு இறக்க வேண்டும், இல்லையென்றால் ஐஎஸ்ஓவை 12800க்கு ஏற்ற வேண்டும். முதலாவதில் மீன் வெறும் கோடாகிவிடும், இரண்டாவதில் செதில் எல்லாம் மணல் மணலாகிவிடும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடி வாங்கினால் ஐஎஸ்ஓவில் கொஞ்சம் சலுகை கிடைக்கும். ஆனால் அதே அளவுக்கு மீனை நிரப்பி எடுக்கும்போது ஃபோகஸ் ஆழம் இன்னும் குறையும் என்பதால், சலுகையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

அதனால்தான் ஃபிளாஷ். கேமராவின் தலையில் இருப்பது உதவாது. அது கண்ணாடியில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வரும். படத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு, அதற்குப் பின்னால் எங்கேயோ மீன். ஃபிளாஷைத் தனியாகக் கழற்றி, தொட்டியின் மேலே, தண்ணீரைப் பார்த்தபடி வைக்க வேண்டும். நான் மூடிக் கண்ணாடியை எடுத்துவிட்டு, தொட்டியின் விளிம்புகளில் குறுக்காகச் சுத்தமான அக்ரிலிக் தகடு ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஃபிளாஷைக் கவிழ்த்து வைக்கிறேன். நடுவே ஒரு வெள்ளைத் தாள், ஒளி பரவுவதற்கு. முன் கண்ணாடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆனால் மீனுக்குச் சற்று முன்னால் வரும்படி வைத்தால் மீனின் பக்கவாட்டில் ஒளி விழும். நேர் மேலே வைத்தால் படத்தில் முதுகு வெளுத்து, வயிறு இருண்டுவிடும். அடியில் மணல் வெள்ளையாக இருந்தால் அதுவே கொஞ்சம் ஒளியை மேலே திருப்பி அனுப்பும். என்னுடையது கறுப்பு, அந்த அதிர்ஷ்டம் எனக்கு இல்லை.

இப்படி வைத்தால் ஐஎஸ்ஓ 200, எஃப்/11, ஷட்டர் 1/200 என்று எடுக்கலாம். 200டியில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகமே 1/200தான். அது குறைவாயிற்றே என்று கவலைப்பட வேண்டியதில்லை. இந்த அளவுகளில் தொட்டி விளக்கின் ஒளி படத்தில் ஏறவே ஏறாது. மீனை உறைய வைப்பது ஃபிளாஷ் மின்னும் நேரம்தான். கால் பங்கு பவரில் அது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. டெட்ராவின் வால் துடுப்பில் உள்ள முள்ளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஃபிளாஷை மேனுவலில்தான் வைத்துக்கொள்கிறேன். கேமராவே ஃபிளாஷின் அளவைக் கணக்கிடும் டிடிஎல்லில் விட்டால் மீன் தன் வெள்ளிப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் கேமரா கணக்கை மாற்றிவிடும். ஒரு படம் இருட்டு, அடுத்தது வெளிறல்.

மீனுக்கு இது கெடுதலா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொட்டி விளக்கு எரியும்போது என் மீன்கள் கண்டுகொள்வதே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அடித்தால் திடுக்கிட்டுச் செடிக்குள் ஓடும். அதனால் இருட்டில் அடிப்பதில்லை.

சரி, பாடி தேர்வுக்கு வருவோம். ஃபிளாஷைத் தனியாக வைக்க வேண்டுமென்றால், கம்பி இல்லாமல் அதை மின்ன வைக்கும் ரேடியோ ட்ரிக்கர் வேண்டும். ட்ரிக்கர் உட்காருவது கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில். அந்த ஷூவின் நடுவில் பெரியதாக ஒரு தொடர்பு முனை இருக்கும். எந்தக் கம்பெனி ஃபிளாஷாக இருந்தாலும் "மின்னு" என்று சொல்லும் முனை அதுதான். 200டியில் அது இருக்கிறது. அதற்கு அடுத்து வந்த 200டி மார்க் 2இல் கேனான் அதை எடுத்துவிட்டது. சில ஊர்களில் 250டி என்று விற்பதும் அதே கேமராதான். 2000டி, 4000டி என்ற ஆரம்பநிலை மாடல்களிலும் (சில இடங்களில் 1500டி, 3000டி என்ற பெயர்) கிடையாது. கேனானுக்கென்றே செய்த ஃபிளாஷும், இந்த மாடல்களையும் மனதில் வைத்துச் செய்த சில ட்ரிக்கர்களும் ஓடும். சாதாரண ஒற்றை முனை ட்ரிக்கர் ஓடாது. கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவான ஆர்50இல் ஷூவே வேறு மாதிரி, பழைய ஃபிளாஷுக்கு அடாப்டர் தேவை. மற்றவர்களுக்கு இது ஒரு சின்ன விஷயம். நம் வேலைக்கு இதுதான் வாங்கலாமா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும். கடையில் விற்பவருக்குக்கூட இது தெரிந்திருப்பதில்லை, நாமே ஷூவைக் குனிந்து பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம் லென்ஸ். பெரிய நியான் டெட்ரா மூன்று சென்டிமீட்டர் இருக்கும். 200டியின் சென்சார் அகலம் 22.3 மில்லிமீட்டர். பாடியோடு வரும் 18-55 எஃப்/4-5.6 கிட் லென்ஸின் உச்ச உருப்பெருக்கம் கால் மடங்கு; அதாவது மூன்று சென்டிமீட்டர் மீன் சென்சாரில் ஏழரை மில்லிமீட்டராக விழும், படத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் தண்ணீர். மேக்ரோவில் பாதி அளவுக்குக் கொண்டுவந்தால் பதினைந்து மில்லிமீட்டர், படத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீன். இந்த லென்ஸ் ஒன்றுக்கு ஒன்று வரை போகும், ஆனால் அது செர்ரி இறாலுக்கும் முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கும்தான் தேவைப்படுகிறது. ஆஸ்கர், கோல்டுஃபிஷ் மாதிரி உள்ளங்கை அளவு மீன் வைத்திருப்பவர்கள் கிட் லென்ஸிலேயே நிற்கலாம், மிச்சப்பட்டதை இரண்டாவது ஃபிளாஷுக்குச் செலவிடலாம்.

100 மி.மீ. மேக்ரோ ஏன் இல்லை? தொட்டிக்கு எதிரில் இடம் இருந்தால் அதுவும் நல்லதுதான். 60இல் எனக்குப் பிடித்தது, ஃபோகஸ் மாறும்போது லென்ஸ் நீளாது. முன்னால் ஒரு ரப்பர் ஹூட் மாட்டி, அதைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துவிடுகிறேன். அறை விளக்கு, என் சட்டை, என் மூக்கு எதுவும் படத்தில் விழாது. நீளும் லென்ஸாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கண்ணாடியை இடிக்கும். ஹூட் ஒட்டியிருப்பதால் கேமரா எப்போதும் கண்ணாடிக்குச் செங்குத்தாகவே நிற்கும். அது மிக முக்கியம். தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வளைப்பவை. சாய்த்து எடுத்தால் நிறங்கள் பிரிந்து, மீனின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு விளிம்பு வந்து, கூர்மை போய்விடும். அதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. உருண்டைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, மீனுக்காகவாவது அதை மாற்றுங்கள்.

பிரதிபலிப்பைக் குறைக்க போலரைசர் என்ற லென்ஸ் ஃபில்டரை வாங்கச் சொல்லி ஒரு கூட்டம் இருக்கிறது. கண்ணாடியைச் சுமார் 56 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் அது முழு வேலை செய்யும். நேராகப் பார்க்கும்போது பயனில்லை, ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதி) வெளிச்சம்தான் வீண்.

ஃபோகஸ் விஷயத்தில் இந்த ஜோடியைப் புகழ முடியாது. வியூஃபைண்டரில் ஒன்பதே புள்ளிகள், அதில் நடுப் புள்ளி மட்டும்தான் நம்பத்தக்கது. லென்ஸில் தூரத்தை மட்டுப்படுத்தும் சுவிட்ச் கிடையாது. கண்ணாடியில் ஒரு பாசிப் புள்ளி குறுக்கே வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும், அங்கிருந்து விட்டால் கடைசி வரை ஓடிப்போய்த் திரும்பி வரும். அதற்குள் மீன் மூன்று சுற்று சுற்றிவிடும். நான் ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்து, பின்பக்க நட்சத்திரப் பொத்தானுக்கு மாற்றியிருக்கிறேன். ஒரு இலையில் ஃபோகஸ் செய்து கையை எடுத்துவிட்டு, மீன் அந்தத் தூரத்துக்கு வரும்வரை காத்திருப்பேன். ராம் சிக்லிட் தன் எல்லையை ஓயாமல் சுற்றிவரும், அதே கல்லைத் தாண்டி அதே பக்கமாகத் திரும்பும். நான்கைந்து சுற்று பார்த்தாலே எங்கே திரும்பும் என்று தெரிந்துவிடும். ஃபைட்டருக்குக் கண்ணாடிக்கு வெளியே ஒரு சின்ன முகக்கண்ணாடியைக் காட்டினால் செவுளை விரித்து நிற்கும். கொஞ்ச நேரத்துக்கு மேல் காட்டாதீர்கள், பாவம்.

புதிய மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தேடிப் பிடிக்கும் என்பார்கள். நாய், பூனை, பறவை எல்லாம் அவற்றின் பட்டியலில் உண்டு. ஆர்50இன் பட்டியலில் மீன் இல்லை. அவற்றில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபிளாஷுக்காக எஃப்/11, 1/200 என்று வைத்தவுடன், படம் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் வசதியால் திரை கறுத்துப்போகும். மெனுவில் அதை அணைத்தால் சரியாகிவிடும். 200டியின் ஆப்டிகல் வியூஃபைண்டரில் இந்தத் தொந்தரவே இல்லை.

200டியின் திரை வெளியே மடங்கித் திரும்பும். தரையோடு மேயும் கோரிடோரஸை எடுக்க இது பெரிய உபகாரம். தொட்டி தாழ்வான ஸ்டாண்டில் இருந்தால் தரையில் படுக்காமலே எடுக்கலாம். சுருக்காத ரா ஃபைலில் தொடர்ந்து எடுத்தால் ஆறு படத்தில் மூச்சு வாங்கும். ஃபிளாஷ் பேட்டரி அதற்கு முன்பே மூச்சு வாங்கிவிடும் என்பதால் எனக்கு உறைக்கவில்லை.

நிறத்துக்கு வருகிறேன். நியானின் நீலக் கோடு சாயம் இல்லை. தோலில் அடுக்கியுள்ள குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பும் விதத்தில் வரும் நிறம் அது. ஃபிளாஷின் கோணம் கொஞ்சம் மாறினால் நீலம் பச்சையாகும். இரவில் அந்தக் கோடு மங்கிவிடும். காலையில் விளக்குப் போட்ட உடனே எடுத்தால் செத்த நிறமாகத்தான் வரும், அரை மணி நேரமாவது விட்டு எடுங்கள். ஃபிளாஷின் ஒளி பகல் ஒளி மாதிரி இருப்பதால், செடி வளர்ப்பு எல்இடியின் ஊதாச் சாயல் படத்தில் வராது.

கடல் மீன் தொட்டிக்காரர்களுக்கு இந்த முறை முழுதாகப் பொருந்தாது. ரீஃப் விளக்கின் நீலத்தில் பவளம் ஒளிர்வதுதான் அவர்களுக்கு அழகு. ஃபிளாஷ் அடித்தால் அந்த ஒளிர்வு அமுங்கிப்போகும். விளக்கு வெளிச்சத்திலேயே, லென்ஸின் முன் ஆரஞ்சு அல்லது மஞ்சள் ஃபில்டர் வைத்து, ராவில் எடுக்க வேண்டும். அவர்கள் ஷூவைவிட, உயர்ந்த ஐஎஸ்ஓவில் பாடி எப்படி என்று பார்ப்பது நல்லது. எல்இடியைக் குறைத்து எரிய விடுபவர்கள் மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள்; எலக்ட்ரானிக் ஷட்டரில் குறுக்கே பட்டை பட்டையாக விழும்.

வாட்டர்ப்ரூஃப் கேமரா வாங்கித் தொட்டிக்குள்ளேயே விட்டால் என்ன என்ற கேள்வியும் வருகிறது. ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி ஒன்றை ஒரு சென்டிமீட்டர் கிட்டத்தில்கூட ஃபோகஸ் செய்யலாம், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தை, இறாலுக்கு அருமை. ஆனால் ஹாட் ஷூ இல்லை, ஷட்டர் ஸ்பீடை நாமே வைக்கவும் வழியில்லை. உள்ளே ஒரு கை இறங்கியவுடன் எல்லா மீனும் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஜோடியைப் பழசாக வாங்குவதாக இருந்தால் லென்ஸின் உள்ளே டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இல்லை, ஃபிளாஷ் அடிப்பவருக்கு அது தேவையும் இல்லை. அது இல்லாததைக் காட்டி விலை பேசலாம். படம் எடுக்கும் அன்று கண்ணாடியை முந்தின நாளே தேய்த்துவிடுங்கள், தீனியைப் படம் முடிந்த பிறகு போடுங்கள், மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் ஃபிளாஷில் வெள்ளைப் புள்ளியாகும். நான் தொட்டித் தண்ணீர் ஃபில்டரையும் கொஞ்ச நேரம் நிறுத்துகிறேன். மறுபடி போட மறந்துவிடக் கூடாது என்று கேமரா பையை அந்த ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன். பையை மூடப் போகும்போது கண்ணில் படும்.