612 மணி நேரம் பறந்த பிறகு: நானே கட்டிய விமானமும் அதன் மூக்கில் இருந்த கம்பிகளும்

போன வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "நானும் ஒண்ணு கட்டலாமா, இல்ல யாராவது கட்டினதை வாங்கிடலாமா? ஏழு வருஷமா ஓட்டுறீங்க, நீங்களே சொல்லுங்க." அவர் கேட்ட நேரத்தில் என் விமானத்தின் கவுலிங், அதாவது இன்ஜின் மூடி, இரண்டு பாதியாகத் தரையில் கிடந்தது. அதிலிருந்த பழைய ரிவெட்டுகளை, அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணிகளை, ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது பதில் சொல்லியிருந்தால் "வேண்டாம்" என்று முடித்திருப்பேன். கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது, இப்போது எழுதுகிறேன்.

அலுமினிய உடல், அருகருகே இரண்டு இருக்கை, தாழ்ந்த இறக்கை, வால் சக்கரம், 160 குதிரைத்திறன் லைகமிங் ஓ-320 இன்ஜின். கிட்டாக, அதாவது பாகங்களின் தொகுப்பாக வாங்கி நாலரை வருடத்தில் கட்டினேன்.

பறக்கும் விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கை இரண்டு விரலால் பிடித்தால் போதும். இறக்கையைச் சாய்க்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, மூக்கைத் தூக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பயிற்சிப் பள்ளி விமானங்களில் கற்றுக்கொண்டவர்களை உட்கார வைத்தால் முதல் திருப்பத்திலேயே முகம் மலர்ந்துவிடும். ஸ்டால் ஆவதற்கு முன், அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழப்பதற்கு முன், உடலெல்லாம் லேசாக அதிர்ந்து சொல்லிவிட்டுத்தான் மூக்கு விழும். 8,000 அடி உயரத்தில் மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம், மணிக்கு 30 லிட்டர் பெட்ரோல். மழையில் கனோபி, அதாவது தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியின் ஓரத்தில் தண்ணீர் சொட்டும், அதைப் பெரிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறு இடத்தில் கிடைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து பறப்பது. 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டை அடித்து முடித்தால், உள்பக்கத் தலை சுமார் 4.8 மில்லிமீட்டர் அகலமும் 1.6 மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். நான் வெளியே நின்று ரிவெட் கன்னை இயக்க, என் மனைவி வால்பகுதிக் கூட்டுக்குள் படுத்து மறுபக்கம் இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிப்பாள். ஒரு மாதத்தில் அளவுகோலே தேவைப்படவில்லை. சத்தம் மாறுவதைக் கேட்டே "போதும், உட்கார்ந்திருச்சு" என்பாள். சரியில்லை என்று அவள் சொன்ன ஒவ்வொரு ரிவெட்டையும் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தோம். காற்று குலுக்கும் நாளில் இறக்கையைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வரும். கடையில் வாங்கிய எந்தப் பொருளும் எனக்கு இப்படி ஒரு நிம்மதியைத் தந்ததில்லை.

சரி, இப்போது கவுலிங்.

இந்தக் கிட்டில் மேல் மூடியும் கீழ் மூடியும் ஒன்றோடொன்றும், பின்னால் ஃபயர்வாலோடும் (இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர்) சேர்வது பியானோ கீலால். நீளமான அலுமினியக் கீலின் இரு பாதிகளும் பல் போலக் கோத்துக்கொள்ளும், நடுவில் மெல்லிய இரும்புக் கம்பி ஓடும். வெளியே ஒரு திருகுகூடத் தெரியாது. எடை மிகக் குறைவு, பிடிப்பும் முழு நீளத்துக்கும் சமமாகப் பரவும். வடிவமைத்தவர் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார் என்று புரிகிறது. வரைபடத்தில் பார்த்தால் நானும் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

ஆனால் அந்தக் கம்பியைப் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுக் கம்பிகள் நேரானவை, அவை பரவாயில்லை. ஃபயர்வால் வளைவைச் சுற்றிப் போகும் மேல் கம்பிகள்தான் உயிரை வாங்கும். முனையைத் துப்பாக்கிக் குண்டு போலக் கூராக்கினேன், கிரீஸ் தடவினேன், டிரில்லில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே தள்ளினேன், ஒரு அளவு மெல்லிய கம்பிக்கும் மாறினேன். எல்லாம் கொஞ்சம் உதவும். அப்படியும் கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம். ஒருவர் மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும், தனியாக இருந்தால் அன்று கழற்றவே முடியாது.

அதைவிட மோசம், கீலின் கண்ணிகள், அதாவது கம்பி ஓடும் வளையங்கள், தேய்ந்து உடைவது. முன்னால் நுழையும் காற்று சிலிண்டர்களுக்கு மேலே அழுத்தமாகத் தேங்கி, அவற்றின் மேலுள்ள மெல்லிய உலோகத் தகடுகளின் இடைவெளி வழியாகக் கீழே இறங்கிக் குளிர்விக்கும். அந்த அழுத்தம் பறக்கும் நேரமெல்லாம் மேல் மூடியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். கூடவே இன்ஜின் அதிர்வு. அலுமினியக் கண்ணிக்குள் இரும்புக் கம்பி வாள் போல அறுத்துக்கொண்டே இருக்கும். 400 மணி நேரத்தில் முதல் கண்ணி போயிற்று. போன மாதம் ஒரே வரிசையில் மூன்று.

உடைந்ததைக்கூட மன்னித்துவிடுவேன். என்னால் மன்னிக்க முடியாதது, இந்தக் கம்பி என்னை என்ன மாதிரி ஆளாக மாற்றியது என்பதைத்தான். கட்டி முடித்த புதிதில் பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை கவுலிங்கைத் திறந்து பார்ப்பேன். அப்புறம் அது 25 ஆனது. கடைசியில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது மட்டும். மற்ற நாட்களில் மேலே இருக்கும் சின்னக் கதவைத் திறந்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பேன். அந்தக் கதவு வழியாக அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

கண்ணிகளை மாற்றுவதற்காகப் போன மாதம் திறந்தபோது, ஆயில் கூலருக்குப் போகும் ஹோஸ் இன்ஜினைத் தாங்கும் குழாயில் உரசி, மேலுறை தேய்ந்து உள்ளிருக்கும் பின்னல் தெரிந்தது. ஹோஸைப் பிடித்திருந்த கிளாம்ப் நழுவியிருந்தது. அது நான் மாட்டிய கிளாம்ப், அந்தத் தவறு என்னுடையது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் சூடான ஆயில் எக்ஸாஸ்ட் குழாய் மேல் கொட்டியிருக்கும். முந்தின ஞாயிறு அதே விமானத்தில் மனைவியை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பறந்திருக்கிறேன். பழையபடி அடிக்கடி திறந்திருந்தால் எப்போதோ கண்ணில் பட்டிருக்கும்.

வாங்கலாமா என்று நண்பர் கேட்டதால் ஒரு பழைய விபத்தையும் சொல்ல வேண்டும். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து பாடகர் ஜான் டென்வர் இறந்தது, வேறொருவர் கட்டிய லாங்-ஈஸீ விமானத்தில். அதை வடிவமைத்த பர்ட் ரூட்டானின் வரைபடத்தில் பெட்ரோல் டேங்க் மாற்றும் வால்வு விமானிக்கு முன்னால், கால்களுக்கு நடுவே இருக்கும். கட்டியவர், காக்பிட்டுக்குள் பெட்ரோல் வர வேண்டாம் என்று நினைத்து அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வலது ரடர் பெடல் தெரியாமல் அமுங்கி விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை வாரியம் முடிவு செய்தது. போதிய பெட்ரோல் நிரப்பாமல் கிளம்பியதையும் அந்த வகை விமானத்தில் பழக்கம் குறைவாக இருந்ததையும் வாரியம் சொன்னது. எட்டாத இடத்தில் வைத்த வால்வையும் சொன்னது. வீட்டில் கட்டிய விமானம் எதை வாங்கினாலும், கட்டியவர் நல்லெண்ணத்தில் எடுத்த இப்படிப்பட்ட முடிவுகளையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

என் கீல்கள் இப்போது இல்லை. பக்கவாட்டிலும் ஃபயர்வால் ஓரத்திலும் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்துவிட்டு, கால் சுற்றுத் திருகினால் திறக்கும் பூட்டுகளை வைத்தேன். இரண்டு வார இறுதி போனது. எடை கொஞ்சம் கூடியது. வழுவழுவென்று இருந்த மூக்கில் வரிசையாக வட்டத் தலைகள் தெரிகின்றன, அழகு குறைந்தது உண்மைதான். மேல் மூடியைத் தனியாளாக நான்கு நிமிடத்தில் கழற்றுகிறேன். நேற்று பறப்பதற்கு முன்னும் கழற்றினேன், பறந்து வந்த பிறகும் கழற்றினேன்.

நண்பருக்கு என் பதில் இது. கட்டுங்கள், ஆனால் இந்தக் கிட்டை வாங்காதீர்கள். இதைவிட நன்றாகப் பறக்கும் விமானத்தை நான் ஓட்டியதில்லை, அதை மேலேயே சொல்லிவிட்டேன். அப்படியும் மறுபடி ஒன்று கட்டுவதானால் இதை எடுக்க மாட்டேன். அந்தத் தேய்ந்த ஹோஸ் இன்னும் மேசை மேல் கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே வேறு மாதிரி எழுத என்னால் முடியவில்லை.

கட்ட நேரமில்லை, கட்டியதைத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஓட்டிப் பார்க்க அவசரப்படாதீர்கள். முதலில் விற்பவரிடம் கவுலிங்கைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால், இதற்கு முன் கடைசியாக எப்போது கழற்றினீர்கள் என்று கேளுங்கள்.