16எஸ் மரபணுவா, முழு மரபணுத்தொகுப்பா?

செங்கல்பட்டு வயல் மண்ணைக் கரைத்து, சென்னை ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் அகார் தட்டில் பரப்பினோம். மூன்றாம் நாள் குண்டூசித் தலையளவில் ஒரு மஞ்சள் புள்ளி! புதிய பாக்டீரியா இனமா?

பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவில் சுமார் 1,500 டி.என்.ஏ. எழுத்துகள்தான். செலவு குறைவு, விரைவில் முடியும். அறிந்த இனங்களோடு ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதியது என்று நம்பலாம். அதற்கு மேலே போனால்தான் சிக்கல். உணவு நச்சு தரும் பேசில்லஸ் சீரியஸும் ஆந்த்ராக்ஸ் கிருமியும் இதில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். நோயாளிக்கோ அவை வெவ்வேறு.

முழு மரபணுத்தொகுப்பில் பல பத்து லட்சம் எழுத்துகளை ஒப்பிடுகிறோம். சராசரி ஒற்றுமை 95–96 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தனி இனம். செலவு கூடுதல்தான். ஆனாலும் பெயர் சூட்டும் ஆசை இருந்தால், இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். அந்தப் பாக்டீரியாவின் வளர்ப்பை இரு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் ஒப்படைக்கும் வேலை அதன் பிறகுதான்.