புறாவா, காகமா, கடற்காகமா? கீழே கிடக்கும் இறகை எப்படிப் பிரிப்பது

திருகோணமலையில் சாம்பல் நிற இறகு ஒன்று கிடந்தால் "புறா" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். மாடப்புறாவுக்கு இங்கே குறைவில்லை; நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் பெயர் வந்ததே அங்கே கூடுகட்டும் மாடப்புறாக்களால்தான். ஆனால் காகம், மணிப்புறா, கடற்காகம் மூன்றும் இதே ஊரில் இறகு உதிர்க்கின்றன. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். வளர்ப்புப் புறாக்களில் வெள்ளை, கறுப்பு, செங்காவி என்று எல்லா நிறமும் உண்டு.

காகத்தோடுதான் குழப்பம் அதிகம். காகத்தின் கழுத்து சாம்பலாக இருந்தாலும் சிறகின் பெரிய இறகுகள் கறுப்புத்தான். ஆகவே பெரிய இறகு சாம்பலாக இருந்தால் காகத்தை விட்டுவிடலாம். கறுப்பு இறகு கிடைத்தால்தான் வேலை. வெயிலில் திருப்பிப் பாருங்கள்: காக இறகில் ஊதாவும் நீலமுமாக ஒரு மினுக்கம் ஓடும், கறுப்புப் புறாவின் சிறகிறகு மங்கலாகவே இருக்கும். நீளமும் உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். மாடப்புறாவின் நீண்ட சிறகிறகு 15 முதல் 18 சென்ரிமீற்றர் வரை வரும், காகத்தினது 20ஐத் தாண்டும். சிக்கல் என்னவென்றால், காகத்தின் சிறகில் ஆக வெளியே இருக்கும் இறகு மற்றவற்றைவிடக் கட்டையானது; அது தனியாகக் கிடைத்தால் புறா அளவுதான் இருக்கும். புறாவுக்கு அப்படி இல்லை, வெளி இறகுகள்தான் நீளமானவை. அதனால்தான் பறக்கும்போது அதன் சிறகு கூராகத் தெரிகிறது.

மணிப்புறா சுலபம். இறகு சிறியது, பெரும்பாலும் 12 சென்ரிமீற்றருக்குள், நிறம் மண்ணிறம். வால் இறகு கறுத்து, நுனியில் அகலமாக வெள்ளை இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கடற்காகம் குளிர்காலத்து விருந்தாளி. அந்த மாதங்களில் கரையில் நீளமாக, ஒடுக்கமாக, கறுத்த நுனிக்குச் சற்று உள்ளே வெள்ளைப் பொட்டு வைத்த இறகு கிடைத்தால் அது பெரும்பாலும் கபிலத்தலைக் கடற்காகத்தினது. புறாவில் இந்தப் பொட்டு இல்லை.

பொடியைப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. புறாவின் உடம்பில் திருநீறுபோல மெல்லிய பொடி இருக்கும். புதிய இறகைக் கறுத்த துணியில் தேய்த்தால் அடையாளம் விழும். நல்ல சோதனைதான், ஆனால் மணிப்புறாவும் அதே குடும்பம். மழையிலோ கடலிலோ நனைந்த இறகில் இதை எதிர்பார்க்கவும் முடியாது. என்னைக் கேட்டால் வடிவம் முதலில், நீளம் அடுத்தது, பொடி கடைசி.

புறாதான் என்று முடிவானால், எந்த இடத்து இறகு என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு சிறகின் வெளிப்பக்கத்திலும் பெரிய இறகுகள் 10 உண்டு. இவற்றில் நடுத்தண்டின் ஒரு பக்கம் ஒடுக்கம், மறுபக்கம் அகலம். உடம்பை ஒட்டிய இறகுகள் கட்டையாக, நுனி மழுங்கி, உள்ளே வளைந்திருக்கும். சாதாரண நீலச்சாம்பல் புறாவின் சிறகில் தெரியும் கறுப்புப் பட்டை இவற்றில்தான் விழுகிறது. வாலில் 12 இறகுகள். அவை நேராக, இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக, நுனியருகே கருமையான பட்டையோடு இருக்கும். ஆக ஓரத்து வால் இறகு மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: அதிலும் ஒரு பக்கம் ஒடுக்கம். அந்த ஒடுங்கிய பக்கம் வெள்ளையாக இருந்தால் வால் என்று வைத்துக்கொள்ளலாம்.

இடமா வலமா? தண்டில் பள்ளம் ஓடும் முகம் அடிப்பக்கம். அதைக் கீழே வைத்து, நுனியை மேல்நோக்கிப் பிடியுங்கள். ஒடுங்கிய பக்கம் இடது கைப்பக்கம் வந்தால் அது வலது சிறகு. பலர் இதை மாற்றிச் சொல்வார்கள்.

காம்பையும் ஒருமுறை பாருங்கள். நுனிவரை முழுசாக இருந்தால் பெரும்பாலும் இயல்பாக உதிர்ந்தது. புறா தன் சிறகிறகுகளை ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளிருந்து வெளியே மாற்றிக்கொள்ளும். கடித்து முறிந்த காம்பென்றால் பெரும்பாலும் பூனை.

புறாத்தீவில் பார்த்தால் மட்டும் பொறுக்கி வரவேண்டாம். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்துவர அனுமதி இல்லை. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, இரு முகத்தையும் படம் எடுத்தால் மேலே சொன்ன சோதனைகளில் பாதியை வீட்டிலிருந்தே செய்யலாம்.